நித்திரைக்கு வீட்டு வார்த்தை

பிரசங்கம் நடக்கும்போது கண் அசராத சபை எங்கேயாவது உண்டா, நீங்களே சொல்லுங்கள்? உடைகாட்டுவிளைக் கோயிலில் அதற்கு ஆளுக்கு ஒரு பாணியே இருக்கிறது. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் வேதமுத்து வாத்தியார் நாடியை மார்பில் குத்திக்கொண்டு நிமிர்ந்த வாக்கிலேயே தூங்குவார். கமிட்டிக்காரர்கள் நெற்றிக்குக் கையை முட்டுக் கொடுத்து, செய்த பாவத்துக்கு வருத்தப்படுகிறவர்கள் மாதிரித் தூங்குவார்கள். பெண்களுக்கு முக்காடு இருக்கிறது, கவலையே இல்லை, முந்தியை நெற்றிவரை இழுத்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறதென்று கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும். எப்சிக்கு இதெல்லாம் எப்போதும் சிரிப்பு. பாடகர் குழுவில் அவளும் பியூலாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற காலத்தில், யார் தலை முதலில் சாயும் என்று கண்ணாலேயே பந்தயம் கட்டி, பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்து, போதகர் வீட்டு ஐயரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தலையும் சாயச் சாய, ஐயோ தூங்காதீங்களேன், இன்னைக்கு ஒரு நாள் முழிச்சிருங்களேன் என்று மனசுக்குள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். ஏனென்றால் அவளுக்கு இடது பக்கத்தில், அவள் சேலைக் கொசுவத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டு பியூலாவின் மகள் அக்சா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளையும் அந்தத் தலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரசங்க பீடத்தில் ஐயர் கையைத் தூக்கிப் பேசுகிறார். மைக் வழியாக வருகிற சத்தம் சுவரில் முட்டி இரண்டாகக் கேட்கிறது. மின்விசிறி டக், டக் என்று ஒரு பக்கமாக இழுக்கிறது. மடியில் எப்சியின் மகன் ஜெரிக், இத்தனை நேரம் அவள் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தவன், இப்போது வாய் ஓரத்தில் எச்சில் வழிய இமையைச் செருகுகிறான். தூங்காதடா ராஜா. இந்தத் தூக்கத்துக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஏங்கியிருக்கிறாள், அவன் தூங்கினால் அல்லவா ஒரு வார்த்தையாவது காதில் விழும். இன்றைக்கு அவன் தொடையைக் கிள்ளலாமா என்றுகூட யோசித்தாள். கிள்ளுவதற்குள் தூங்கிவிட்டான். பார்த்துக்கொண்டே இருந்த அக்சா கொசுவத்தை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலை நீட்டி அவன் மூக்குக்குக் கீழே வைத்தாள். வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். சின்ன விரல், நகத்தில் பழைய மருதாணியின் மிச்சம், பியூலா போட்டுவிட்டது, வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்துவிட்டது, அடுத்த தடவை நகம் வெட்டினால் அதுவும் போய்விடும். எப்சி அந்த விரலைப் பார்க்க மாட்டாமல் ஐயரைப் பார்த்தாள். ஐயர் என்னவோ செல்போனைப் பற்றிச் சொல்கிறார். செல்போன். அவள் போனில் பியூலாவின் கடைசிச் சத்தம் கிடக்கிறது, "ஏட்டி, இட்லி மாவு கொஞ்சம் இருக்கா, பொங்கவே இல்ல இன்னைக்கு" என்று. அதற்கு எப்சி ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மாவை இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு மேலே நீட்டினாள். வாங்குகிற கை சுட்டது. காய்ச்சலா என்று கேட்டதற்கு, "வெயில்ல துணி காயப்போட்டேன்லா, அதான்" என்றாள். அதான். வெயில் இல்லை, விஷக்காய்ச்சல். தூத்துக்குடிக்குக் கொண்டு போனார்கள், ரத்தத்தில் என்னவோ குறைகிறது என்றார்கள், குளிர்பெட்டியில் கொண்டு வந்தார்கள். அன்றைக்கு மாவு தந்த கிண்ணம் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, கேட்க வாய் வரவில்லை, கிண்ணத்தைப் போய்க் கேட்பாளா.

அதற்கப்புறம் அக்சா தூங்குவதில்லை. தானாக அசந்து விழுந்தால் உண்டு. விழுந்த வேகத்திலேயே அலறிக்கொண்டு எழும்பிவிடும். பகலில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பின்னால் போய் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துச் சீருடையெல்லாம் நனைந்து வருகிறது. சரி, பிள்ளைதானே, தாயைப் பறிகொடுத்த பிள்ளை, நாள் ஆக ஆகச் சரியாகும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள், எப்சியும் அப்படித்தான் நினைத்தாள், நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். நேற்றுக் காலையில் அக்சாவின் அப்பா செல்வின் அத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். உப்பு லாரி ஓட்டுகிறவர், கண் இரண்டும் செம்பருத்திப் பூ மாதிரி. "எப்சி, நீதான் அவளுக்கு டீச்சர். ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காத. படுத்தா என்னையத் தூங்க விட மாட்டேங்கா. விரலால இமையப் பிச்சுத் திறக்கா. அப்பா தூங்காதீங்க, அப்பா தூங்காதீங்கன்னு. வெள்ளிக்கிழமை வண்டி ஓடைப்பக்கமா இறங்கப் பாத்துச்சு, கிளீனர் பையன் கையப் பிடிச்சுத் திருப்புனான், இல்லன்னா முடிஞ்சிருக்கும்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நித்திரைன்னா தூக்கம்னு டீச்சர் சொன்னாவன்னு சொல்லுதா. அம்மா போஸ்டர்ல கர்த்தருக்குள் நித்திரைன்னு போட்டிருக்காம். நான் என்ன சொல்ல?" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. எப்சி, "நான் பேசுதேன் அத்தான்" என்றாள். பேசுதேன். நாளைக்குக் கோயில் முடிந்ததும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, பாத்திரத்தை விளக்கினாள், விளக்கினதையே மறுபடி விளக்கினாள். அவர் இன்று சாயங்காலம் மறுபடி வண்டி எடுக்க வேண்டும்.

நித்திரை என்றால் தூக்கம். தப்பா? தப்பில்லை. எந்த அகராதியைத் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியில் அவளுடைய வகுப்புக்கு நல்ல பெயரே அதனால்தான் வந்தது. கோயில் வார்த்தை ஒன்று வந்தால் அதற்கு ஒரு வீட்டு வார்த்தை சொல்ல வேண்டும், அது அவள் போட்ட சட்டம். கிருபை என்றால்? அம்மா டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காமலே போகிறாள் அல்லவா, அது. ஜெபம்? போனைச் சார்ஜில் போடுகிற மாதிரி. மனந்திரும்புதல்? மேப்பில் பேசுகிற அக்காள் திரும்பிப் போகச் சொல்கிறாளே, அது. பிள்ளைகள் கைதட்டும். புதிதாக வந்த ஐயர் இதைக் கேட்டு அசந்துபோனார். நடைமுறை இறையியல் என்று ஒரு பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்தவர். சேகரத்தில் உள்ள சபைகளின் டீச்சர்மாரையெல்லாம் கூட்டி வைத்து, இறையியல் அலமாரியில் இருந்தால் கரையான்தான் படிக்கும், அது அடுப்படிக்கு வரணும், பஸ்ஸில் ஏறணும், பிள்ளைகள் கையில் இருக்கிற போனுக்குள் போகணும் என்று சொல்லி, "அதை எப்சி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்" என்றார். அன்றைக்கு எப்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அது போதாதா. அதே சந்தோஷத்தில்தான் அந்தப் பாடத்தையும் எடுத்தாள், ஜெப ஆலயத் தலைவனுடைய மகள் செத்துப் பிழைத்த பாடம். பிள்ளை நித்திரையாயிருக்கிறாள் என்று கர்த்தர் சொல்லி எழுப்புகிற இடம் வந்தது. அக்சாதான் கையைத் தூக்கினாள். "நித்திரைன்னா என்ன டீச்சர்?" "தூக்கம்லா! வீட்டு வார்த்தை தூக்கம்." அதோடு விட்டாளா. நடித்துக் காட்டலாம் என்றாள். யார் அந்தப் பிள்ளை என்றதும் அக்சாவே வந்து பாயில் படுத்துக்கொண்டது, கையை மார்பில் வைத்து, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்து. எல்லாரும் சேர்ந்து "எழும்பு!" என்றதும் துள்ளி எழும்பியது, எல்லாரும் கைதட்டினார்கள், எப்சி எல்லாருக்கும் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தாள். நல்ல பாடம். எங்கே தப்பு? எங்கேயும் தப்பில்லை. தப்பு என்று ஒன்று இருந்தால் பிடித்துத் திருத்திவிடலாம்.

குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை நின்ற நிலை. கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. எல்லாரும் மாரில் அடித்து அழுகிறார்கள், அத்தை ஒருத்தி மயங்கி விழுகிறாள், சோடா சோடா என்று கத்துகிறார்கள். அக்சா அழவில்லை. கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாக, பாடத்தில் சொன்ன மாதிரியே, "எழும்பு" என்றது. கேட்டவர்கள் ஐயோ பிள்ளை அம்மாவை எழுப்புதே என்று இன்னும் பெரிதாக ஒப்பாரி வைத்தார்கள். எப்சிக்கு மட்டும்தான் தெரியும் அது ஒப்பாரி இல்லை என்று. அது பாடம். எழும்பு என்று சொல்லிவிட்டுப் பிள்ளை காத்திருந்தது. காத்திருந்துவிட்டு எப்சியைத் திரும்பிப் பார்த்தது. டீச்சர், நான் சரியாகத்தானே சொன்னேன் என்கிற பார்வை. அந்தப் பார்வையிலிருந்து எப்சி அன்றைக்கு ஓடினாள், காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் ஓடி, அத்தனை பேருக்கும் காப்பி போட்டு, டம்ளர் கழுவி, ஓடிக்கொண்டே இருந்துவிட்டாள், இன்னும் ஓடுகிறாள், இப்போதுகூட, உட்கார்ந்த இடத்திலேயே.

ஐயரிடம் போகாமல் இல்லை. போய்க் கேட்டாள். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியலம்மா. துக்கத்துல இருக்கிறவங்க பக்கத்துல போய் உட்காருன்னு படிச்சிருக்கேன். உட்கார்ந்துட்டு ஒரு ஆறு வயசுப் பிள்ளைட்ட என்ன சொல்லணும்னு..." என்று நிறுத்திவிட்டார். நல்ல மனுஷன், தெரிந்த மாதிரி நடிக்கவில்லை. சரி, நாமே ஒரு வீட்டு வார்த்தை தேடுவோம் என்று எப்சி அன்றிலிருந்து தேடுகிறாள், இப்போதும் இந்தச் சத்தத்துக்கு நடுவில் தேடுகிறாள். கோயிலில் சாவுக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. பரம அழைப்பு வந்தது. வீட்டு வார்த்தையில் சொன்னால் போன் வந்தது, எடுத்தாள், போய்விட்டாள். இனி அந்தப் பிள்ளை போன் மணி அடித்தால் நடுங்கும். கர்த்தர் எடுத்துக்கொண்டார். கேட்காமல் எடுக்கிறவனுக்கு வீட்டில் என்ன பெயர்? இளைப்பாறுகிறாள். யாரால் களைத்தாள் என்று கேட்கும், நான் ஓடி ஓடிச் சாப்பிட்டதாலா என்று கேட்கும். வேறே வீட்டுக்குப் போனாள். என்னை ஏன் கூட்டிப் போகவில்லை? ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை உரிக்க உரிக்க உள்ளே பயங்கரமாக என்னவோ இருந்தது. தோலோடு வைத்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. உரித்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது, அவள்தானே சொன்னாள். கடைசியில் ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. அது ஏற்கெனவே வீட்டு வார்த்தைதான். ஆனால் இந்த ஊரில் அதை ஆட்டுக்கும் கோழிக்கும்தான் சொல்வார்கள். நம்முடைய ஆளுக்குச் சொன்னால் நாக்கு அழுகும், விசுவாசமில்லாதவள் என்று பெயர் வரும். ஊரை விடு. அவளே சொல்லவில்லையே. மனசுக்குள்ளேகூட ஒரு தடவை சொல்லவில்லையே. பியூலா நித்திரை, பியூலா கர்த்தருக்குள் நித்திரை என்று சொல்லிச் சொல்லி, அந்த மாவுக் கிண்ணம் என்றைக்காவது சுவருக்கு மேலே திரும்பி வரும் என்கிற மாதிரியல்லவா அவளும் இருந்திருக்கிறாள். பிள்ளையாவது தூங்காமல் கிடக்கிறது. இவள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

"நம்மில் எத்தனை பேர் விழித்திருக்கிறோம்?" என்று பீடத்திலிருந்து சத்தம் வந்தது. ஐயர் பிரசங்கத்துக்காகக் கேட்டது. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அக்சாவைத் தவிர. பிள்ளை எழும்பிவிட்டது. எப்சி கையை நீட்டுவதற்குள் நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய், வேதமுத்து வாத்தியார் தோளைப் பிடித்து உலுக்கியது. வாத்தியார் திடுக்கிட்டு, கையிலிருந்த விசிறி கீழே விழ, "ஏட்டி, விடுட்டி! நான் எங்க தூங்குனேன்? தியானம்லா பண்ணுதேன்" என்றார்.

"குறட்டை விட்டா வாத்தியாரே தியானம்?" என்று பின்னால் ஒரு குரல். கோயிலே கொல்லென்று சிரித்தது. ஐயரும் சிரித்துவிட்டார். தூங்கினவர்களெல்லாம் எழும்பி, என்ன என்ன என்று கேட்டுச் சேர்ந்து சிரித்தார்கள்.

அக்சா சிரிக்கவில்லை. வாத்தியாருடைய விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தூங்காதீங்க தாத்தா. அப்புறம் எழும்ப முடியாது" என்றாள்.

சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக அணைந்தது. வாத்தியார் பிள்ளையின் கையிலிருந்து விரலை எடுக்கவில்லை. எப்சி ஜெரிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். எப்படி அந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை, எல்லாக் கண்ணும் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தன. பிள்ளையின் கையைப் பிடித்துப் பக்கவாசல் வழியாக வெளியே நடந்தாள். நடக்கும்போதே, "டீச்சர், தியானம்னா என்ன?" என்றது. எப்சிக்குப் பழக்கத்தில் ஒரு வீட்டு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள்.

வெளியே செருப்புகளுக்கு நடுவில், பூவரசு நிழல் விழுந்த படியில் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியில் ஐயரின் குரல் கொஞ்சம் தடுமாறி மறுபடி ஓட ஆரம்பித்தது. தூரத்தில் உப்பு அம்பாரம் வெயிலில் கண்ணைக் குத்துகிறது. தோளில் ஜெரிக் கனத்தான். இப்போது சொல்ல வேண்டும். சாயங்காலம் சொல்லலாமா? அடுத்த வாரம், படம் ஏதாவது வரைந்து, விதை, முளை என்று... வேண்டாம். விதை மண்ணுக்குள் போய் முளைக்கும் என்றால் இது போய்க் கல்லறையைத் தோண்டும்.

"தம்பிய எழுப்புங்க டீச்சர்."

"தம்பி தூங்குதான் மக்ளே. தூக்கம் தெளிஞ்சா எழும்புவான்."

"அம்மாவும் தூங்கத்தான செஞ்சா."

"இல்ல." எப்சி ஜெரிக்கைத் தோளில் ஏற்றிப் போட்டாள். "அம்மா தூங்கல. டீச்சர் சொன்ன அந்த வார்த்தை அம்மாவுக்குச் சேராது. அம்மா செத்துப் போயிட்டா."

சொல்லிவிட்டாள். நாக்கு அழுகவில்லை. ஒலிபெருக்கி பாட்டுக்குப் பேசுகிறது. பியூலா செத்துப் போயிட்டா. பக்கத்து வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, எங்கேயும் படுத்திருக்கவில்லை.

"கோழி செத்துப்போவுமே, அது மாதிரியா?"

"ஆமா. அது மாதிரிதான். மூச்சு நின்னு போச்சு."

அக்சா தரையில் கிடந்த யாரோ ஒருவருடைய செருப்பை நேராகத் திருப்பி வைத்தாள். "நான் எழும்புன்னு மெதுவாச் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்டிருக்காது. சத்தமாச் சொல்லிருந்தா?"

"சத்தமாச் சொன்னாலும் எழும்ப மாட்டா, மக்ளே. யார் சொன்னாலும். நீ சரியாத்தான் சொன்ன. நீ சொன்னதுல ஒரு குறையும் இல்ல."

"பாடத்துல அந்தப் பிள்ள எழும்பிச்சே."

"அது எழும்பிச்சு. நம்ம அம்மா எழும்பல."

"ஏன்?"

"டீச்சருக்குத் தெரியாது."

"ஐயருக்கு?"

"ஐயருக்கும் தெரியாது."

பரலோகம் இருக்கிறது, ஒரு நாள் பார்ப்போம் என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. பொய் என்று எப்சி நினைக்கவில்லை. அவளுக்கும் அது வேண்டும், ரொம்ப வேண்டும். ஆனால் இப்போது அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் காத்திருக்க ஆரம்பித்துவிடும். இன்னொரு நாள் சொல்லலாம், வளர்ந்த பிறகு, இந்த விரலும் வளர்ந்த பிறகு. அவள் ஜெரிக்கைத் தோளிலிருந்து மடிக்கு இறக்கி, அக்சாவின் உள்ளங்கையை எடுத்து அவன் முதுகில் வைத்தாள். "பாத்தியா, ஏறி இறங்குதா? இதுதான் தூக்கம். இது வேற, சாவு வேற. தூங்குறவங்க எழும்புவாங்க. அப்பா எழும்புவாங்க. தாத்தா எழும்புவாங்க. நீ எழும்புவ." சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் சாடியது. குளிர்பெட்டியன்றைக்கு வராதது, காப்பி டம்ளர் கழுவும்போது வராதது, எல்லாம் சேர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கூட நிறுத்த முடியவில்லை. முந்தியை வாயில் திணித்துக்கொண்டாள், உள்ளே கோயில் நடக்கிறது.

அக்சா அவளைப் பார்த்தபடியே இருந்தது. பெரியவர்கள் அழுது பார்த்திராத பிள்ளை இல்லை. ஆனால் இந்த அழுகையை என்னவோ உற்றுப் பார்த்தது. அப்புறம் அதன் கீழுதடும் பிதுங்கியது. "எனக்கு அம்மா வேணும்" என்றது, சின்னதாக, மிட்டாய் கேட்கிற மாதிரி. எப்சி இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். பிள்ளை விசும்பி விசும்பி அழுதது. ஒலிபெருக்கிக்குள் ஐயர் ஒரு கதையை முடித்து இன்னொரு கதையைத் தொடங்கினார். அழுகை மெல்ல மெல்ல மூச்சாகிக்கொண்டு வந்தது. இமை விழுவதும் திடுக்கென்று திறப்பதுமாக இருந்தது. எப்சி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்சா தலையை அவள் தொடையில், ஜெரிக்கின் காலுக்குப் பக்கத்தில் சாய்த்தாள். கொசுவத்தை மறுபடியும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, டீச்சர் என்று கூப்பிடவில்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"சித்தி, ஐயர் முடிச்சதும் என்னைய எழுப்பி விடுங்க."